பம்ப் ஓடும்போது வென்டிலேட்டரை நிறுத்தலாமா? திறந்த இதய அறுவையில் நுரையீரலைக் காக்கும் வழிகள்

இதய அறுவை அரங்கில் பயிற்சி பெறும் மாணவர் ஒருவரின் கேள்வி இது. அறுவையின்போது இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஏற்கும் இதய-நுரையீரல் இயந்திரம், அதாவது பம்ப், முழு அளவில் ஓடத் தொடங்கியதும் சில மயக்கவியல் மருத்துவர்கள் வென்டிலேட்டரை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் மிகச் சிறிய மூச்சுகளைத் தொடர்ந்து கொடுக்கிறார்கள். வேறு சிலர் மூச்சு கொடுக்காமல், நுரையீரல் முழுவதும் சுருங்கிவிடாதபடி லேசான அழுத்தத்தை மட்டும் வைத்திருக்கிறார்கள். இவற்றில் எது நுரையீரலுக்குப் பாதுகாப்பானது என்று அவர் கேட்கிறார்.

பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பம்ப் ஓடும் நேரத்தில் மூச்சு கொடுத்தாலும் நிறுத்தினாலும் நோயாளிக்குக் கிடைக்கும் பலனில் பெரிய வேறுபாடு இருப்பதாக இதுவரை நடந்த பெரிய சோதனைகள் காட்டவில்லை. பம்புக்குப் போவதற்கு முன் எவ்வளவு பெரிய மூச்சு கொடுத்தோம், பம்பிலிருந்து வெளியே வரும்போது நுரையீரலை எப்படித் திறந்தோம், அதன் பிறகு ஐ.சி.யூ.வில் என்ன செய்தோம் என்பவற்றில்தான் பாதுகாப்பின் பெரும்பகுதி இருக்கிறது. அரங்கில் எல்லோரும் விவாதிப்பது முதல் கேள்வியை. நோயாளியைக் காப்பவை பின்னவை. ஏன் அப்படி என்பதை விளக்க, நுரையீரலுக்கு அங்கே என்ன நேர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் 18 வயதுப் பெண்ணொருவரின் இதய மேலறைகளுக்கு இடையே இருந்த துளையை மூடியபோது, அவருடைய இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் 26 நிமிடங்கள் இயந்திரமே முழுமையாகச் செய்தது. இன்றும் அடிப்படை அதுதான். வலது மேலறைக்கு வரும் ரத்தம் குழாய் வழியே வெளியே எடுக்கப்பட்டு, ஆக்சிஜனேட்டரில் ஆக்சிஜன் ஏற்றப்பட்டு, பெருந்தமனிக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது. நுரையீரல் தமனி வழியாக ஏறக்குறைய எதுவும் ஓடாது. நுரையீரல் திசுவுக்கு எஞ்சுவது மூச்சுக்குழாய்த் தமனிகள் கொண்டுவரும் சிறிதளவு ரத்தம் மட்டுமே. அதுவும் துடிப்பில்லாமல், பல சமயம் குளிரூட்டப்பட்ட நிலையில் வருகிறது. உடலின் எல்லா உறுப்புகளையும் காக்கப் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, நுரையீரல் மட்டும் பாதிப் பட்டினியில் கிடக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அத்துடன், நம் ரத்தம் பிளாஸ்டிக் குழாய்களையும் ஆக்சிஜனேட்டரின் இழைகளையும் தொட்டுச் செல்லும்போது உடல் அதை அந்நியப் படையெடுப்பாகவே எடுத்துக்கொள்கிறது. கிருமிகளை எதிர்க்க ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் தூண்டப்படுகின்றன; வெள்ளணுக்கள் விழித்துக்கொண்டு நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அறுவைக்காகப் பெருந்தமனியை இறுக்கி மூடியிருந்த கிளாம்ப்பை எடுத்து இதயம் மீண்டும் ரத்தத்தைத் தள்ளத் தொடங்கும்போது, பட்டினி கிடந்த நுரையீரலுக்குள் அந்த ரத்தம் ஒரே வேகத்தில் பாய்கிறது. குழாய்ச் சுவர்கள் கசிகின்றன. நுரையீரல் நீர்கோத்துக் கனக்கிறது. ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்ற வேண்டி வந்தால் இந்தக் கசிவு இன்னும் கூடும்.

நுரையீரல் சுருங்குவது இன்னொரு பக்கம். மயக்கம் கொடுத்த உடனேயே, நல்ல நுரையீரல் உள்ளவருக்கும்கூட, முதுகுப் பக்கத்து நுண்ணறைகள், அதாவது காற்று நிரம்பும் மிகச் சிறிய அறைகள், மூடிக்கொள்ளத் தொடங்குகின்றன என்பதை ஸ்வீடனில் ஹெடன்ஸ்டியர்னாவின் குழுவினர் சி.டி. ஸ்கேன் வழியாக 1980களில் காட்டினார்கள். இதய அறுவையில் நெஞ்செலும்பு திறந்திருக்கிறது, பல நேரங்களில் நுரையீரல் உறையும் திறக்கப்படுகிறது, மூச்சும் நிறுத்தப்படுகிறது. ஆகவே சுருக்கம் மிக ஆழமாகிறது. இடது கீழ்மடல்தான் அதிகம் பாதிக்கப்படுவது. இதயம் அதன் மேல் படுத்திருக்கிறது. இதயத்தைக் குளிர வைக்க இடப்படும் பனிக்குழம்பு இடது உதரவிதான நரம்பைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்யவும் கூடும். அறுவைக்கு மறுநாள் எடுக்கும் எக்ஸ்ரேயில் இடது அடிப்பகுதி வெளுத்திருப்பதைப் பார்க்காத இதய ஐ.சி.யூ. இருக்காது.

ரத்தப் பட்டினி, அழற்சி, கசிவு ஆகியவை ஏற்படுத்தும் முதல் காயத்தை வென்டிலேட்டரால் தடுக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே காயப்பட்ட நுரையீரலின் மீது இரண்டாவது காயத்தை ஏற்படுத்துவதும் ஏற்படுத்தாமல் விடுவதும் வென்டிலேட்டரை இயக்குபவரின் கையில் இருக்கிறது. நுரையீரல் காப்புச் சுவாசம் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது காயத்தைத் தவிர்ப்பதற்கான முயற்சிதான்.

அந்தக் காயம் எப்படி உண்டாகிறது? நுண்ணறைகள் தனித்தனிப் பைகள் அல்ல. ஒன்றின் சுவரே அடுத்ததன் சுவர். வலையில் ஒரு கண் சுருங்கினால் சுற்றியுள்ள கண்கள் எல்லாம் அதை நோக்கி இழுபடுவது போல, மூடிய நுண்ணறையைச் சுற்றித் திறந்திருப்பவை ஒவ்வொரு மூச்சிலும் கடுமையாக இழுபடுகின்றன. 1970இல் மீட், தகிஷிமா, லீத் ஆகியோர் செய்த கணக்கின்படி, நுரையீரலை விரிக்கும் அழுத்தம் 30 சென்டிமீட்டர் நீராக (மூச்சு அழுத்தத்தை அளக்கும் அலகு இது) இருக்கும்போது, மூடிய பகுதியும் திறந்த பகுதியும் சந்திக்கும் எல்லையில் செயல்படும் அழுத்தம் சுமார் 140 சென்டிமீட்டர் நீரை எட்டக்கூடும். திரையில் தெரியும் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. பாதி நுரையீரல் மூடியிருக்கையில் கொடுக்கும் பெரிய மூச்சு முழுவதும் மீதிப் பாதிக்குள்ளேயே போகிறது என்பதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, நடைமுறைக்கு வருவோம். முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒரு மூச்சின் அளவு, அதாவது டைடல் வால்யூம். அதை நோயாளியின் எடையைக் கொண்டு கணக்கிடக் கூடாது. உயரத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும். உடல் பருத்தாலும் நுரையீரல் பெரிதாவதில்லை. உயரத்துக்கு உரிய எடையைத் தரும் கணிப்பு எடைச் சூத்திரம் எளிது: சென்டிமீட்டரில் உள்ள உயரத்திலிருந்து 152.4ஐக் கழித்து, 0.91ஆல் பெருக்கி, ஆணானால் 50ஐயும் பெண்ணானால் 45.5ஐயும் கூட்ட வேண்டும். 150 சென்டிமீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஓர் அம்மா மிட்ரல் வால்வு மாற்றத்துக்கு வந்திருக்கிறார் என்று கொள்வோம். அவருடைய கணிப்பு எடை 43 கிலோவைச் சற்றே தாண்டுகிறது. கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலிட்டர் என்றால் அவருக்கு உரிய மூச்சு 260 முதல் 345 மில்லிலிட்டர் வரைதான். தராசு காட்டிய 70 கிலோவை வைத்து, பழைய வழக்கப்படி கிலோவுக்குப் பத்து என்று கணக்கிட்டால் 700 மில்லிலிட்டர் போகும். அவருடைய நுரையீரலின் கணக்கில் அது கிலோவுக்கு 16 மில்லிலிட்டர். நம் ஊர்ப் பெண்களில் இந்த உயரமுள்ளவர்கள் மிகப் பலர் என்பதால் இந்தக் கணக்கை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறேன். கனடாவில் லெலூஷ் குழுவினர் 3,434 இதய அறுவை நோயாளிகளின் தரவுகளைப் பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்விலும், தேவைக்கு மேல் பெரிய மூச்சுகளைப் பெற்றவர்களில் பெண்களும் பருமனானவர்களுமே அதிகம் இருந்தார்கள். பெரிய மூச்சு பெற்றவர்களுக்குப் பல உறுப்புகள் செயலிழப்பதும் கூடுதலாக இருந்தது.

சிறிய மூச்சின் நன்மை முதலில் உறுதிப்பட்டது இதய அறுவையில் அல்ல. 2000ஆம் ஆண்டில், ஏ.ஆர்.டி.எஸ். எனப்படும் கடும் நுரையீரல் செயலிழப்பை ஆராயும் அமெரிக்காவின் ஏ.ஆர்.டி.எஸ். நெட்வொர்க் 861 பேரிடம் நடத்திய சோதனையில், கடும் நுரையீரல் பாதிப்பு உள்ளவர்களுக்குக் கிலோவுக்கு 12 மில்லிலிட்டருக்குப் பதில் 6 மில்லிலிட்டர் கொடுத்தபோது இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. இதய அறுவைக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அளவு பாதிப்பு இருப்பதில்லை. ஆனால் பம்பிலிருந்து வெளிவரும் நுரையீரல் அந்தத் திசையில் சில அடிகள் எடுத்து வைத்திருக்கிறது. எனவே அதே ஒழுங்கை இங்கும் கடைப்பிடிப்பது நியாயமானது.

இரண்டாவது, மூச்சு வெளியேறி முடிந்த பிறகும் நுண்ணறைகள் மூடாமல் வைத்திருக்கும் அழுத்தம், அதாவது பீப். பெரும்பாலானவர்களுக்கு 5 சென்டிமீட்டர் நீரில் தொடங்கலாம். பருமனானவர்களுக்கு 8 வரை தேவைப்படலாம். அதற்கு மேல் போவதற்குக் காரணம் இருக்க வேண்டும். மூன்றாவது, டிரைவிங் பிரஷர். மூச்சை உள்ளே நிறுத்திப் பார்க்கும்போது திரையில் வரும் பிளாட்டோ அழுத்தத்திலிருந்து பீப்பைக் கழித்தால் கிடைப்பது அது. பிளாட்டோ 18, பீப் 5 என்றால் 13. மிச்சிகனில் மாத்திஸ் குழுவினர் 4,694 வயது வந்தோரின் இதய அறுவைத் தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டதில், கிலோவுக்கு 8 மில்லிலிட்டருக்குக் குறைந்த மூச்சு, 16க்குக் குறைந்த டிரைவிங் பிரஷர் (அந்த ஆய்வில் பிளாட்டோவுக்குப் பதில் உச்ச அழுத்தத்திலிருந்து பீப்பைக் கழித்தார்கள்), குறைந்தது 5 பீப் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தவர்களுக்கு நுரையீரல் சிக்கல்கள் குறைவாக இருந்தன. மூன்றையும் பிரித்துப் பார்த்தபோது தனித்து நின்றது டிரைவிங் பிரஷர் மட்டுமே. அது சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்த சோதனை அல்ல, பின்னோக்கிய ஆய்வு. ஆகவே காரணம் இதுதான் என்று அறுதியிட முடியாது. இருந்தாலும் அதன் உட்பொருள் பொருத்தமானது: டிரைவிங் பிரஷர் ஏறுகிறது என்றால், நாம் கொடுக்கும் மூச்சு எஞ்சியிருக்கும் திறந்த நுரையீரலுக்குப் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். பீப்பை 5இலிருந்து 8 ஆக்கியதும் அது இறங்கினால் மூடியிருந்த பகுதி திறந்திருக்கிறது. ஏறினால் திறந்திருந்தவையே அளவு மீறி விரிகின்றன. படுக்கையருகில் இதைவிட எளிய சோதனை இல்லை. மார்பு திறந்திருக்கையில் மார்புச் சுவரின் எதிர்ப்பு நீங்கிவிடுவதால், மூடிய மார்பில் எடுத்த எண்ணோடு அதை ஒப்பிடக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பம்புக்கு முன்பே பீப்பை இழக்கும் இரண்டு தருணங்கள் உண்டு. நெஞ்செலும்பை ரம்பத்தால் அறுக்கும்போது நுரையீரல் மேலெழாமல் இருக்க மூச்சை நிறுத்தச் சொல்வார்கள். அந்தச் சில நொடிகள் முடிந்ததும் உடனே மீண்டும் தொடங்க வேண்டும். பைபாஸ் அறுவையில் இடது உள்மார்புத் தமனியைப் பிரித்தெடுக்கும்போது நுரையீரல் அறுவை நிபுணரின் பார்வையை மறைக்கும். அப்போது பீப்பை முழுவதும் எடுத்துவிடுவதைவிட, மூச்சின் அளவைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவது நல்லது. பல நேரங்களில் அதுவே போதுமானதாக இருக்கும்.

இப்போது மாணவரின் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். பம்ப் ஓடும்போது சிறிய மூச்சு கொடுத்தால் நுண்ணறைகள் மூடாது, மூச்சுக்குழாய்த் தமனிகளின் ரத்தம் ஓரளவு நன்றாகப் பரவும், அழற்சி குறையும் என்பது கோட்பாடு. சிறிய ஆய்வுகளில் அழற்சிக் குறியீடுகளும் ஆக்சிஜன் அளவும் சற்று மேம்பட்டதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் நோயாளிக்கு உண்மையில் பயன் உண்டா என்று பார்த்த பெரிய சோதனைகளில் அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. பிரான்சில் நடந்து 2019இல் வெளியான புரோவெக்ஸ் சோதனையில் 493 பேர் இருந்தனர். ஒரு பிரிவுக்கு 8 பீப், இடையிடையே நுரையீரலைத் திறக்கும் முயற்சிகள், பம்ப் ஓடும்போதும் கிலோவுக்கு 3 மில்லிலிட்டர் மூச்சு. மறு பிரிவுக்கு 2 பீப், திறக்கும் முயற்சி இல்லை, பம்பில் மூச்சு இல்லை. ஏழு நாட்களுக்குள் நுரையீரல் சிக்கல் ஏற்பட்டவர்கள் முறையே 54.7 சதவீதமும் 59.2 சதவீதமும், புள்ளியியல் கணக்கில் இது வேறுபாடே அல்ல. இரு பிரிவுகளிலும் மூச்சின் அளவு சிறியதாகவே இருந்தது என்பது கவனிக்க வேண்டியது: அடிப்படை ஒழுங்கு கிடைத்த பிறகு, மேலதிகமாகச் சேர்த்தவை பெரிதாக எதையும் கூட்டவில்லை. அதே நாட்டில் நடந்து 2021இல் வெளியான மெக்கானோ சோதனை, சுமார் 1,500 பேரிடம், பம்பில் சிறிய மூச்சு கொடுப்பதையும் முழுவதும் நிறுத்துவதையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. அங்கும் ஒட்டுமொத்த நோயாளிகளில் தெளிவான வேறுபாடு இல்லை.

ஆகவே, நிறுத்துபவர் தவறு செய்யவில்லை. கொடுப்பவரும் தவறு செய்யவில்லை. என் வழக்கம் இது: அறுவைக் களத்துக்கு இடையூறில்லை என்றால் 5 சென்டிமீட்டர் அழுத்தத்தில், காற்றை அதிகம் கலந்து, நுரையீரலை இணைத்தே வைத்திருப்பேன். தூய ஆக்சிஜனை வைத்திருந்தால் அது மூடிய நுண்ணறைகளிலிருந்து ரத்தத்தால் உறிஞ்சப்பட்டு அவை இன்னும் இறுக மூடிக்கொள்ளும். காற்றிலுள்ள நைட்ரஜன் அப்படி உறிஞ்சப்படாது. நுரையீரல் விரிந்திருப்பதால் தையல் போடுவது சிரமமாகிறது என்று அறுவை நிபுணர் சொன்னால் தயங்காமல் குழாயைக் கழற்றிவிடுவேன். மிட்ரல் வால்வின் ஆழத்தில் ஒரு தையல் பிசகினால் ஏற்படும் கேடு, சில நுண்ணறைகள் மூடுவதால் வரும் கேட்டைவிடப் பல மடங்கு பெரியது.

ஒரு பாதுகாப்பு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. பம்ப் பகுதியளவில் ஓடும்போது, அதாவது இதயம் தானும் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, நுரையீரல் வழியே ரத்தம் போகிறது. அந்த ரத்தத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். வென்டிலேட்டரை நிறுத்துவதும் மீண்டும் தொடங்குவதும் பம்பை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்டும் மயக்கவியல் மருத்துவரும் வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டியவை. அலாரங்களை மௌனமாக்கியிருக்கும் நிலையில், வென்டிலேட்டரைத் தொடங்காமலேயே பம்பிலிருந்து வெளியே வர முயல்வது உலகெங்கும் அறியப்பட்ட விபத்து.

நுரையீரலை மீண்டும் திறக்கும் கட்டத்துக்குத்தான் நான் மிகுந்த கவனம் கொடுக்கிறேன். முதலில் மூச்சுக்குழாயில் சளியையும் ரத்தத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். அடைத்திருக்கும் குழாய்க்குள் அழுத்தம் கொடுத்துப் பயனில்லை. பிறகு அறுவை நிபுணரிடம் சொல்லிவிட்டு, 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்கு மெதுவாக ஏற்றி, பத்து நொடிகள் போலப் பிடித்து வைக்க வேண்டும். இங்கே நமக்கு வேறு எந்த அறுவையிலும் எளிதில் கிடைக்காத வசதி ஒன்று இருக்கிறது: நுரையீரல் கண் முன்னே இருக்கிறது. கருஞ்சிவப்பாக, ஈரல் போல் கெட்டியாகக் கிடந்த பகுதி ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறிப் பரவி வருவதையும், இடது கீழ்மடல் கடைசியாகத் திறப்பதையும் நேரில் பார்க்கலாம். திறக்காத பகுதி தெரிந்தால் இன்னொரு முறை முயலலாம். இடது உள்மார்புத் தமனியை இதயத்தோடு இணைத்திருந்தால், விரியும் இடது நுரையீரல் அந்த இணைப்பை இழுக்கிறதா என்று ஒரு கண் அங்கே இருக்க வேண்டும். அளவு மீறி ஊதினால் புதிய இணைப்பு கிழியக்கூடும். இதய அறைகளைத் திறந்து செய்த அறுவையானால், இந்த விரிவு நுரையீரல் சிரைகளில் தங்கிய காற்றையும் இதயத்துக்குள் தள்ளிவிடும்; அதை வெளியேற்றும் வரை பெருந்தமனி வழியே மூளைக்குச் செல்ல விடக் கூடாது. உணவுக்குழாய் வழியே இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனில் வெண்புள்ளிகளாக அந்தக் குமிழ்கள் தெரியும்.

திறந்த உடனே பீப்பைக் கொடுக்காவிட்டால், திறந்தவை சில நிமிடங்களில் மீண்டும் மூடிவிடும். அந்த முயற்சியின்போது மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, ரத்த அழுத்தம் விழும். பம்ப் இன்னும் இணைந்திருக்கும்போதே இதைச் செய்து முடிப்பதற்கு அதுதான் காரணம்.

வலது இதயம் பலவீனமாக உள்ளவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ருமாட்டிக் மிட்ரல் வால்வு நோயால் நுரையீரல் தமனி அழுத்தம் பல ஆண்டுகளாக உயர்ந்தே இருந்தவர்கள் இந்தியாவில் இன்றும் நிறைய வருகிறார்கள். நுரையீரல் சுருங்கிக் கிடந்தாலும் அதன் ரத்தக் குழாய்களின் எதிர்ப்பு ஏறும், அளவுக்கு மேல் ஊதினாலும் ஏறும். இடையிலுள்ள இயல்பான கொள்ளளவில்தான் அது மிகக் குறைவு. சிறிய மூச்சைக் கொடுத்துக் கார்பன் டையாக்சைடு ஏறினால் ஏறட்டும் என்று ஏ.ஆர்.டி.எஸ். நோயாளியிடம் ஏற்றுக்கொள்வதை இவர்களிடம் ஏற்க முடியாது; அது அதே எதிர்ப்பை மேலும் உயர்த்தி வலது இதயத்தைச் சோரவைக்கும். மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டி, ரத்த வாயுப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்தே போக வேண்டும்.

அரங்கிலிருந்து ஐ.சி.யூ.வுக்குப் போகும் வழியில் எல்லாம் வீணாகிவிடக்கூடும். வென்டிலேட்டரிலிருந்து கழற்றிச் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் சாதாரண ஆம்பு பையை மாட்டினால் அந்த நொடியே பீப் போய்விடுகிறது. பீப் வால்வு பொருத்திய பையோ, கையில் எடுத்துச் செல்லும் வென்டிலேட்டரோ அதற்கு வேண்டும். ஐ.சி.யூ.வில் சேர்ந்ததும் மூச்சின் அளவை மீண்டும் உயரத்தைக் கொண்டே எழுதி வையுங்கள். இரவுப் பணிக்கு வருபவர் எடையைப் பார்த்து மாற்றிவிடாமல் இருக்க அது உதவும்.

அங்கு வந்த பிறகும் ஆக்சிஜன் குறைவாகவே இருப்பவர்களுக்கு வலுவான திறப்பு முயற்சி பயன் தரலாம். சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தின் இதய நிறுவனத்தில் அப்படிப்பட்ட 320 பேரிடம் நடந்து 2017இல் வெளியான சோதனையில், வலுவான முயற்சி பெற்றவர்களுக்குச் சிக்கல்களின் கடுமை குறைந்தது. மருத்துவமனையில் இருந்த நாட்களின் சராசரி 12.4இலிருந்து 10.9 ஆனது. எல்லோருக்கும் பொதுவாகச் செய்த பிரெஞ்சுச் சோதனையில் பலன் தெரியாமல், ஆக்சிஜன் குறைந்தவர்களைத் தேர்ந்து செய்த பிரேசில் சோதனையில் தெரிந்ததை நான் முரணாகப் பார்க்கவில்லை. மூடிய நுரையீரல் யாருக்கு இருக்கிறதோ அவருக்குத்தான் திறப்பு தேவை.

இவ்வளவும் செய்த பிறகு, சுவாசக் குழாயை எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுத்துவிடுவதே அடுத்த பாதுகாப்பு. உடல் சூடேறி, ரத்தக் கசிவு அடங்கி, ரத்த அழுத்தம் நிலைத்து, சொன்னதைப் புரிந்து கையை அழுத்துகிறார் என்றால், சிக்கலில்லாத நோயாளிக்கு அறுவை முடிந்து ஆறு மணி நேரத்துக்குள் குழாயை எடுக்க முயலலாம். தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்க வேண்டும். வலிக்குப் போதிய மருந்து கொடுக்க வேண்டும். அறுத்த நெஞ்செலும்பின் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுபவருக்கும் இருமாமல் அடக்குபவருக்கும் இடது அடிப்பகுதி மறுபடி மூடிவிடும். ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுப்பதையும், மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை உறிஞ்சப் பழக்குவதையும் அறுவைக்கு முன்பே முடித்துவிடுங்கள். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் வலியோடு இருப்பவருக்கு அதைப் புதிதாகக் கற்றுத் தர முடியாது.